புங்க இலை முழுக்கக் கொப்புளம்: மருந்து அடிக்கலாமா, விட்டுவிடலாமா?

மொட்டைமாடி · ஜூன் 14, காலை 7.20

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் எங்கள் தெருவில் நான்கு புங்க மரங்கள் வரிசையாக நிற்கின்றன. நல்ல நிழல். ஏப்ரலில் புதுத் தளிர் வந்தபோது பளபளவென்று இருந்த இலைகளில் இப்போது ஒன்றுவிடாமல் கொப்புளம். மேல்பக்கம் சின்னச் சின்ன விரல் போல நீட்டிக்கொண்டிருக்கிறது. தடவினால் சொரசொரப்பு. ஒரே இலையில் நாற்பதுக்கு மேல் எண்ணினேன். பச்சையாக இருந்தவை இப்போது பழுப்பாகி வருகின்றன.

எதிர்வீட்டு மாமா இது தொற்றுநோய், தன் மாமரத்துக்கும் பரவிவிடும், கிளைகளை மொத்தமாகக் கழித்துவிட வேண்டும் என்கிறார். பக்கத்தில் ஒரு செடி விற்பனைக் கடையில் இலையைக் காட்டினேன். பெயர்கூடக் கேட்காமல் ஒரு மருந்துப் புட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அடிக்க மனம் வரவில்லை. கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். என்ன செய்யலாம்?

நேர்கேள்வி · ஜூன் 14, காலை 9.05

எங்கள் குடியிருப்பிலும் இதே கதைதான். போன வருடம் மூன்று முறை வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தோம். ஒன்றுகூடக் குறையவில்லை. மரத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இலைக்குள்ளே · ஜூன் 14, இரவு 8.40

முதலில் மரத்தை வெட்ட விடாதீர்கள். அது ஒன்றுதான் அவசரம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் பார்ப்பது நோய்க் கொப்புளம் அல்ல. அது ஒரு வீடு. குடியிருப்பது பூச்சிகூட அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப் பேன். அசீரியா பொங்காமியே என்று பெயர். 1998 வாக்கில் தென்னைக்கு வந்து தேங்காய்களைச் சுருங்க வைத்ததே ஈரியோபைட் சிலந்தி, அதற்குப் பங்காளி. பயப்பட வேண்டாம், அது வேறு, இது வேறு. தென்னைச் சிலந்தி புங்கத்துக்கு வராது, புங்கச் சிலந்தி தென்னைக்கும் போகாது. எதிர்வீட்டு மாமரத்துக்கும் போகாது. இந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை ஒரு மரத்துக்கோ அதன் நெருங்கிய உறவு மரங்களுக்கோ கட்டுப்பட்டவை. அந்த மரத்தின் இலையைத் தவிர வேறு எதிலும் அவற்றுக்கு வீடு கட்டத் தெரியாது. மா இலையிலும் கொப்புளம் வரும், ஆனால் அதைச் செய்வது கொசு போன்ற ஒரு சின்ன ஈ. அது மாவுக்கே உரிய தனிச் சாதி.

'கட்டத் தெரியாது' என்று எழுதினேன், உண்மையில் கட்டுவது மரம்தான். இலை தளிராக இருக்கும்போது சிலந்தி ஓர் இடத்தில் குத்தி உறிஞ்சுகிறது. அந்த இடத்து உயிரணுக்கள் இலையாக விரியாமல் பை போல மேலே எழும்புகின்றன. பையின் வாய் இலையின் அடிப்பக்கம் இருக்கும். சிலந்தி அதற்குள் போய்ப் பெருகுகிறது. இலை முற்றிய பிறகு எத்தனை முறை குத்தினாலும் பை எழும்பாது. அதனால்தான் ஏப்ரலில் தளிர் பளபளவென்று இருந்தபோதே வேலை முடிந்துவிட்டது. உங்கள் கண்ணுக்குத் தெரிய இத்தனை நாளாகியிருக்கிறது.

இப்போது மருந்து அடித்தால் என்ன ஆகும்? வெளியே இருக்கிற எல்லாம் சாகும். உள்ளே இருக்கிற சிலந்தி பத்திரமாக இருக்கும். நேர்கேள்வி மூன்று முறை அடித்தும் பலன் இல்லாமல் போனது இதனால்தான். அடிக்காமல் விட்டால் பழைய இலை உதிர்ந்து, மறுபடி தளிர்த்து, மறுபடி கொப்புளம் வரும். சில வருடம் கூட, சில வருடம் குறைவு. நான் தினமும் கடந்துபோகும் ஒரு புங்க மரத்தை இருபது வருடமாகப் பார்த்து வருகிறேன். ஒரு வருடம்கூட அது கொப்புளம் இல்லாமல் இருந்ததில்லை. பூப்பதும் காய்ப்பதும் நிற்கவில்லை.

ஒரு வேலை செய்யுங்கள். கொப்புளம் உள்ள இலை ஒன்றைப் பறித்து, சவரப் பிளேடால் ஒரு விரலை நெடுக்குவாட்டில் இரண்டாக வகிர்ந்து பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

மொட்டைமாடி · ஜூன் 15, மாலை 6.10

ரொம்ப நன்றி ஐயா. மாமாவிடம் சொன்னேன், ஒரு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார்.

வகிர்ந்து பார்த்தேன். உள்ளே வெற்று அறை போலத்தான் இருந்தது. சுவரில் மெல்லிய வெண்மயிர். பழைய நாணய சேகரிப்புக்கு வாங்கிய லென்ஸ் ஒன்று அப்பாவிடம் இருந்தது. அதில் பார்த்தபோது மயிர்களுக்கு நடுவே கண்ணாடித் துகள் போல ஏதோ ஒன்று மெல்ல ஊர்ந்தது. முதலில் தூசி என்று நினைத்தேன். ஒரு நிமிடம் கழித்து இடம் மாறியிருந்தது. அப்போது உடம்பு சிலிர்த்துவிட்டது.

இன்னொன்று. எங்கள் கட்டட வாசலில் ஏழிலைப்பாலை இருக்கிறது. அதன் இலையிலும் உருண்டை உருண்டையாக, மிளகு அளவுக்கு முடிச்சுகள். அதையும் வெட்டினேன். அதில் அறைக்குள் பழுப்பு மஞ்சளாகத் தட்டையாக ஒரு பூச்சிக் குஞ்சு உட்கார்ந்திருந்தது, கால்கள் தெளிவாகத் தெரிந்தன. அதுவும் சிலந்தியா?

இலைக்குள்ளே · ஜூன் 15, இரவு 9.15

நீங்கள் பார்த்தது சிலந்தியேதான். புழு போல நீண்ட உடம்பு, முன்பக்கம் இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும். மற்றச் சிலந்திப் பேன்களுக்கு எட்டுக் கால் என்றால் இந்தக் குடும்பத்துக்கு நான்கே. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு.

ஏழிலைப்பாலையில் இருப்பது பூச்சி. தாவிக் குதிக்கும் தாவரப் பேன் வகை, பௌரோப்சில்லா டியூபர்குலேட்டா. நகரங்களில் வரிசையாக ஏழிலைப்பாலை வைத்த தெருக்களில் இலையே தெரியாத அளவுக்கு முடிச்சு கண்டிருப்பீர்கள். இதன் உறவுக்காரப் பேன்கள் நாவல் இலையிலும் மருத மர இலையிலும் முடிச்சு போடுகின்றன. மகிழ மரத்தில் இலை ஓரம் சுருண்டு தடித்திருந்தால் அது இலைப்பேன் (த்ரிப்ஸ்) என்ற வேறொரு பூச்சி. அரேனோத்ரிப்ஸ் ராமகிருஷ்ணே என்று பெயர். கோயம்புத்தூரில் இலைப்பேன்களை ஆராய்ந்த டி.வி. ராமகிருஷ்ண ஐயரின் பெயரைத் தாங்கிய பூச்சி அது.

இதைச் சொல்லும்போது இன்னும் இருவரையும் சொல்லத் தோன்றுகிறது. 1908இல் தஞ்சாவூரில் பிறந்த எம்.எஸ். மணி இந்தியா முழுக்க உள்ள இந்த முடிச்சுகளைத் தேடித் தொகுத்தவர். சென்னை லயோலா கல்லூரியில் இருந்த டி.என். அனந்தகிருஷ்ணன், முடிச்சு போடும் இலைப்பேன்களைப் பற்றி உலகமே திரும்பிப் பார்க்கும்படி வேலை செய்தவர். நம் தெரு மரங்களை வைத்தே இவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று காட்டிய இவர்களின் பெயர் நம் பள்ளிப் பாடத்தில் ஏன் இல்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ஆற்றுப்பாசனம் · ஜூன் 16, காலை 6.00

மர நிழலில் நின்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எங்கள் டெல்டாவில் இந்த வீடு கட்டும் கதைக்கு ஆனைக்கொம்பன் என்று பெயர். வீடு என்று கேட்டாலே எரிச்சல் வரும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சம்பா நட்டு, ஐப்பசி மழையில் வானம் மூடிக்கொண்டு தூறிக்கொண்டே இருக்கும் நாட்களில் வரும். ராத்திரியில் கொசு மாதிரி ஒரு ஈ பறக்கும், வயிறு சிவப்பாக இருக்கும். இலையில் முட்டை வைக்கும். புழு இலையுறைக்கும் தண்டுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டே இறங்கி அடிக்குருத்துக்குப் போய்விடும். அப்புறம் அந்தத் தூரில், அதாவது அந்தக் கிளைத் தண்டில், இலை வராது. வெங்காயத் தாள் மாதிரி உருளையாக, உள்ளே பொக்காக, வெள்ளி நிறத்தில் ஒரு குழல் வரும். யானைத் தந்தம் மாதிரி. அந்தத் தூர் கதிர் விடாது. அவ்வளவுதான்.

ஒரு வருடம் எங்கள் நான்கு ஏக்கரில் கடுமையாக வந்தது. பயிர் கருகருவென்று இருக்க வேண்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டிருந்தேன், நடவும் பிந்திவிட்டது. பூச்சிக்கு அது இரண்டுமே விருந்து. மருந்து இரண்டு தரம் அடித்தேன். குழல் வெளியே தெரிந்த பிறகு அடித்ததால் காசுதான் போனது.

இலைக்குள்ளே · ஜூன் 16, பகல் 1.30

அண்ணன் சொன்னது ஒவ்வொன்றும் சரி. குழலின் நுனியைப் பார்த்திருப்பீர்களே? கூட்டுப்புழு உள்ளுக்குள் ஏறி வந்து, உடம்பில் உள்ள முட்களால் குழலின் நுனிக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டு, பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொள்ளும். ராத்திரி ஈ வெளியே போய்விடும். காலையில் வயலில் நின்று பார்த்தால் அந்தத் துளையில் வெள்ளைத் தோல் மட்டும் செருகிக்கொண்டு நிற்கும். நெல் வயலில் நான் பார்த்தவற்றிலேயே என்னை அதிக நேரம் நிற்க வைத்த காட்சி அது.

ஒரு சேதி உங்களுக்குப் பயன்படும். அந்தப் புழுவுக்கு எதிரி பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்ற ஒட்டுண்ணிக் குளவி. ஒரு புழுவுக்குள்ளிருந்து பல குளவிகள் வரும். குளவி தாக்கிய குழல்களைச் சேகரித்து, நட்ட பத்தாம் நாள் பத்து சதுர மீட்டருக்கு ஒன்று என்று வயலில் வைக்கும்படி வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையே இருக்கிறது. குழல் தெரிந்த பிறகு மருந்து அடித்தால் உள்ளே இருக்கும் புழு தப்பிக்கும், வெளியே அலையும் குளவி சாகும். நீங்கள் அடித்த இரண்டு தரமும் அதுதான் நடந்திருக்கும்.

இன்னொரு வழி ரகம். மதுரை 3 ஆனைக்கொம்பனைத் தாங்கும் ரகம். இப்படி எதிர்ப்புள்ள நெல்லில் ஈ முட்டை வைக்கும், புழு குருத்து வரை போகும், ஆனால் அங்கே வளர முடியாமல் செத்துவிடும். சில ரகங்களில் குருத்துத் திசு பழுப்பாகிக் கருகி, புழுவைப் பட்டினி போட்டுக் கொல்கிறது. ஆனால் ஒரே எதிர்ப்பு மரபணுவை ஊர் முழுக்க வருடக்கணக்கில் பயிரிட்டால், அதைத் தாண்டுகிற ஈ வகை பெருகிவிடும். இந்தியாவில் மட்டும் ஏழு வகை ஆனைக்கொம்பன் ஈக்களைப் பிரித்து அறிந்திருக்கிறார்கள். ஓர் ஊரில் தாங்கும் ரகம் இன்னோர் ஊரில் தாங்காமல் போவது இதனால்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் நெல்லைத் தாக்குவது இதே குடும்பத்தின் வேறொரு ஈ. அங்கே வரகுப் புல்லில் தனியாக ஓர் ஈ முடிச்சு போடுகிறது. அது நெல்லுக்கு வராது. ஆனால் இரண்டையும் தாக்கும் குளவிகள் பொது. நெல் இல்லாத மாதங்களில் குளவிகள் வரகுப் புல்லில் பிழைத்திருந்து, நெல் வந்ததும் வயலுக்கு வருகின்றன. வரப்புப் புல்லைச் சுத்தமாகச் செதுக்குவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆற்றுப்பாசனம் · ஜூன் 16, இரவு 7.45

குழலைச் சேகரித்து வைக்கும் சேதி எனக்குப் புதிது. இந்த சம்பாவில் செய்து பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.

நேர்கேள்வி · ஜூன் 17, காலை 10.20

எனக்கு ஒன்று புரியவில்லை. பூச்சி கடித்தால் இலை ஓட்டையாக வேண்டும், கருக வேண்டும். ஒரு மில்லிமீட்டர் புழு சொல்கிறபடி மரம் ஏன் அறை கட்டிக் கொடுக்க வேண்டும்? அதுவும் ஒவ்வொரு பூச்சிக்கும் ஒவ்வொரு வடிவத்தில்?

இலைக்குள்ளே · ஜூன் 17, இரவு 10.05

இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது.

முதல் விஷயம், வடிவத்தைத் தீர்மானிப்பது பூச்சி. ஒரே மரத்தின் ஒரே இலையில் இரண்டு சாதிப் பூச்சி முட்டை வைத்தால் இரண்டு வேறு வடிவம் வரும். அதனால் பூச்சியைப் பார்க்காமலேயே, முடிச்சின் வடிவத்தையும் மரத்தையும் வைத்துப் பூச்சியின் பெயரைச் சொல்லிவிடலாம். பல சாதிகளில் பூச்சியைவிட முடிச்சை வைத்து அடையாளம் காண்பது சுலபம்.

எப்படிச் செய்கிறது என்றால், சில பூச்சிகளில் முட்டையோடு தாய் செலுத்தும் திரவம், பலவற்றில் குஞ்சின் எச்சில். செடியின் வளர்ச்சியை நடத்தும் ஆக்சின், சைட்டோகைனின் போன்ற சுரப்புகளின் கணக்கு அந்த இடத்தில் மாறிவிடுகிறது. 2021இல் அமெரிக்க அசுவினி ஒன்றில் ஒரு மரபணுவைக் கண்டார்கள். அந்த மரபணு மாறினால் முடிச்சின் நிறமே மாறுகிறது. பூச்சியின் மரபணு, செடியின் நிறம்! செடியின் சொந்த வளர்ச்சிக் கட்டளைகளைப் பூச்சி தன் தேவைக்குத் திருப்பிக்கொள்கிறது. செடி விரும்பிக் கட்டவில்லை, கட்டும்படி ஆக்கப்படுகிறது.

உள்ளே பாருங்கள். பல முடிச்சுகளில் அறைச் சுவரின் உள்பக்கம் சத்து நிறைந்த மென்மையான திசு. குஞ்சு அதைத்தான் சாப்பிடுகிறது. வெளிப்பக்கம் கெட்டியான திசு, துவர்ப்புச் சத்து. உள்ளே தொட்டில், வெளியே கோட்டை.

சிலது இன்னும் ஒரு படி மேலே. எள் பூவைக் காய்க்கவிடாமல் உருண்டையாக்கும் ஈ இருக்கிறது, அஸ்போண்டிலியா சாதி. மிளகாயிலும் இதன் உறவு உண்டு. இந்தச் சாதி ஈக்களின் முடிச்சை வெட்டினால் உட்சுவரில் பூஞ்சை படர்ந்திருக்கும். முட்டை வைக்கும்போதே தாய் ஈ பூஞ்சை வித்துகளையும் கொண்டுவந்து வைக்கிறது. வீடு, உள்ளே தோட்டம், எல்லாம் ஒரு பூமொட்டுக்குள்.

சுக்குத்திப்பிலி · ஜூன் 18, காலை 11.40

துவர்ப்பு என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்கு மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை. நீங்கள் பேசுகிற முடிச்சுகளைத்தான் தினமும் எடை போட்டு விற்கிறோம், வாங்குகிறவர்கள் பெரும்பாலும் காய், பூ என்றே நினைக்கிறார்கள்.

பிள்ளை பெற்ற வீட்டில் உரை மருந்துக்கு வாங்கும் மாசிக்காய் காயே அல்ல. துருக்கி, ஈரான் பக்கத்து ஒரு வகை ஓக் மரத்தில் குளவி உண்டாக்கிய முடிச்சு. நல்ல சரக்குக்கு அடையாளம் என்ன தெரியுமா? துளை இருக்கக்கூடாது, கனமாக, கருநீலமாக இருக்க வேண்டும். துளை இருந்தால் குளவி வெளியே போய்விட்டது என்று அர்த்தம். வெளுத்து, லேசாகி, துவர்ப்புக் குறைந்திருக்கும். தாத்தா ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துத் துளை உள்ளதைத் தனியே போடுவார். அந்தக் காலத்தில் மை காய்ச்சவும் இதைத்தான் வாங்கிப் போவார்களாம். மாசிக்காய் அல்லது கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்தால் கறுத்துவிடும்.

கடுக்காய்ப்பூ என்பது பூ அல்ல. கடுக்காய் மர இலையில் பூச்சியால் வரும் கொம்பு போன்ற முடிச்சு.

இருப்பதிலேயே குழப்பம் கற்கடகசிங்கிதான். நண்டுக் கொடுக்கு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். மூலச் சரக்கு இமயமலைப் பக்கத்து மரம் ஒன்றில் அசுவினி உண்டாக்குவது. தென்னாட்டுச் சந்தையில் அந்தப் பெயரில் கடுக்காய் மரத்து முடிச்சே பெரும்பாலும் வருகிறது. மரமும் வேறு, பூச்சியும் வேறு. மருந்து எழுதுகிறவர்கள் எதை நினைத்து எழுதுகிறார்கள், கொடுப்பது எது என்று யாராவது கேட்டால்தானே தெரியும். நான் இப்போது வாங்குகிறவர்களிடம் இரண்டையும் காட்டிச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

இலைக்குள்ளே · ஜூன் 18, பகல் 2.15

இந்தப் பதிவைப் பத்திரப்படுத்தி வைக்கிறேன். துளை பார்த்துத் தேர்ந்தெடுத்த உங்கள் தாத்தா, பூச்சியின் வாழ்க்கையைக் கையால் தெரிந்து வைத்திருந்தார்.

வடலி · ஜூன் 18, இரவு 9.50

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு முள்முருக்கு என்றால் தனி மரியாதை. கலியாண வீட்டில் கன்னிக்கால் ஊன்றுவது முள்முருக்கந் தடியில்தான். வேலிக்கும் நடுவோம், ஆட்டுக்குக் குழையும் அதுதான்.

கொஞ்சக் காலம் முன்பு எங்கள் வேலியில் இருந்த முருக்குகளின் இலை எல்லாம் ஒரு மாதிரி வீங்கிச் சுருண்டு விட்டது. இலைக்காம்பு விரல் தடிப்புக்கு முண்டு முண்டாய். தளிர் விரியவே இல்லை. இரண்டு மரம் மொட்டையாகி நின்றது. அம்மா அதைப் பார்த்து, தம்பியின் கலியாணத்துக்கு எங்கே போய்த் தடி வெட்டுவது என்று கவலைப்பட்டா. இதுவும் நீங்கள் சொல்லும் வீடுதானா? வீடு என்றால் மரம் ஏன் சாக வேண்டும்?

தைலக்காடு · ஜூன் 19, காலை 8.30

வடலி கேட்டதுதான் என் கேள்வியும். புதுக்கோட்டைப் பக்கம் எங்களுக்குத் தைல மரம். 2001க்குப் பிறகு ஒரு குளவி வந்து கன்றுகளை நாசமாக்கியது. காம்பிலும் நடு நரம்பிலும் வரிசையாக முடிச்சு, முதலில் பச்சை, அப்புறம் இளஞ்சிவப்பு. கன்று குட்டையாகவே நின்றுவிடும். விட்டுவிடுங்கள், மரம் பார்த்துக்கொள்ளும் என்று நீங்கள் புங்கத்துக்குச் சொன்னதை எங்களுக்குச் சொல்ல முடியுமா?

இலைக்குள்ளே · ஜூன் 19, இரவு 9.30

முடியாது. இதை முன்பே தெளிவாகப் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

புங்கமும் அதன் சிலந்தியும் இதே மண்ணில் நெடுங்காலமாகச் சேர்ந்து வாழ்ந்தவை. சிலந்தியைத் தின்பவையும் கூடவே இருக்கின்றன. உங்கள் இருவரின் மரத்துக்கு வந்தது அப்படி அல்ல. பூச்சி வந்தது, அதன் எதிரி வரவில்லை.

தைல மரம் ஆஸ்திரேலியாவுடையது, அதன் குளவி லெப்டோசைபி இன்வேசாவும் அங்கிருந்துதான். ஆனால் அங்கே அதை யாரும் பொருட்படுத்தியதே இல்லை. 2000 வாக்கில் மத்திய கிழக்கில் மரங்கள் வீங்கிய பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது, அதற்குப் பெயர் வைத்ததே 2004இல். உடம்பு ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை. இனம் பெருக ஆண் தேவையில்லை, பெண்ணே தனியாகப் பெண்களைப் பெறும். ஒரே ஒரு குளவி நாற்றோடு ஊர் மாறினால் போதும். அப்புறம் ஆஸ்திரேலியாவில் அதன் எதிரிக் குளவிகளைத் தேடிப் பிடித்தார்கள். அதில் குவாட்ராஸ்டிகஸ் மென்டெலி என்பது இந்தியாவிலும் வேலை செய்கிறது. தாங்கும் குளோன்களும், அதாவது தேர்ந்த ஒரு மரத்தின் துண்டுகளிலிருந்து வளர்த்த கன்றுகளும், வந்துவிட்டன. உங்கள் பக்கம் இப்போது முன்போல இல்லை என்றுதான் கேள்விப்படுகிறேன், சரியா?

வடலி, உங்கள் முருக்குக்கு வந்த அறிகுறி குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்ற குளவியுடையது. பெயரில் பாதி ஒன்று, குணம் நேரெதிர். முந்தையது முடிச்சுக்குள் இருக்கும் குளவியைக் கொல்வது, இது முடிச்சை உண்டாக்குவது. இதற்கும் 2004இல்தான் பெயர் வைத்தார்கள், சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் கிடைத்ததை வைத்து. கேரளத்தில் 2006இல் பதிவானது. மிளகுக் கொடி ஏற்றிய முருக்குகள் அங்கே நிறையப் போயின.

ஹவாய் தீவுகளில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே விலிவிலி என்று ஒரு முருக்கு, அந்தத் தீவுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 2005இல் குளவி முதலில் தென்பட்டது, சில மாதங்களிலேயே தீவு தீவாகப் பரவிவிட்டது. வறண்ட காட்டில் விலிவிலி மரங்கள் கூட்டம் கூட்டமாக மொட்டையாகின. மரம் அற்றுப்போகுமோ என்று அஞ்சி விதைகளைச் சேகரித்து வைத்தார்கள். பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போய் முருக்குகளில் தேடினார்கள். தான்சானியாவில் யூரிடோமா எரித்ரினே என்ற ஒரு குளவி, முடிச்சுக்குள் புகுந்து ஒன்றன்பின் ஒன்றாகக் குஞ்சுகளைத் தின்பதைக் கண்டார்கள். தனியறையில் வைத்து வளர்த்து, வேறு எதையும் தொடாது என்று சோதித்துவிட்டு 2008 நவம்பரில் விட்டார்கள். இளம் தளிர்கள் மறுபடி விரிந்தன. பூவையும் விதைக்காயையும் தாக்குவது மட்டும் முழுக்க நிற்கவில்லை.

உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள், வீங்கிய கிளைகளை வெட்டி அங்கேயே போட்டுவிடாமல் மூடி எரிக்கவோ புதைக்கவோ வேண்டும். அதைவிட முக்கியம், வீக்கம் உள்ள மரத்திலிருந்து தடி வெட்டி வேறு ஊருக்குக் கொண்டுபோய் நட வேண்டாம். குளவி தன் சிறகால் போகும் தூரத்தைவிட நம் கையால் போகும் தூரம்தான் அதிகம்.

தைலக்காடு · ஜூன் 20, காலை 7.00

சரிதான். புதிய குளோன்களில் இப்போது அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஆனால் பழைய நாற்றை மலிவாகக் கொடுக்கிறார்கள் என்று வாங்கிக் கைசுட்டுக்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காம்பைத் தடவிப் பார்த்து வாங்குங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நேர்கேள்வி · ஜூன் 20, பகல் 12.10

கடைசியாக ஒரு சந்தேகம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் எல்லாப் பூச்சியும் அதிகம். முடிச்சுப் பூச்சியும் மழைக்காட்டில்தான் அதிகமாக இருக்கும், இல்லையா?

இலைக்குள்ளே · ஜூன் 20, இரவு 10.30

எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். பிரேசிலில் ஜெரால்டோ பெர்னாண்டஸ், அமெரிக்காவில் பீட்டர் பிரைஸ் இருவரும் 1980களில் போட்டு வைத்த கணக்கு வேறு மாதிரி வந்தது. ஈரமான காட்டைவிட, வெயில் காயும், மண்ணில் சத்துக் குறைந்த, தடித்த இலைப் புதர்க்காடுகளில்தான் முடிச்சு வகைகள் அதிகம். பிரேசிலின் செர்ரா டோ சிப்போ மலையின் பாறைப் புதர்கள் இதற்குப் பேர்போனவை. காரணம் யோசித்தால் புரியும். வெயிலில் காயும் இடத்தில் திறந்த இலையில் உட்கார்ந்தால் காய்ந்துவிடும், முடிச்சுக்குள் ஈரம் இருக்கும். ஈரக்காட்டிலோ முடிச்சுக்குள்ளேயே பூஞ்சை பிடித்துச் சாகும், எதிரிக் குளவிகளும் அதிகம். தடித்த இலை நெடுநாள் உதிராது, வாடகை வீடு நிலைக்கும்.

பிறகு அமேசானில் மர உச்சிக்கு ஏறிப் பார்த்தவர்கள் அங்கும் நிறைய முடிச்சுகளைக் கண்டார்கள். உச்சி என்பதும் வெயிலும் காற்றும் தடித்த இலையும் உள்ள இடம்தானே. கீழே நின்று பார்த்ததால் தெரியாமல் இருந்தது. உலகத்தில் முடிச்சுப் பூச்சிகள் எத்தனை என்று 2007இல் ஒரு மதிப்பீடு வந்தது. குறைந்தது 21,000, கூடினால் 2,11,000. இரண்டுக்கும் நடுவே பத்து மடங்கு இடைவெளி. நம் முள்காடுகளில் வன்னி மரம் ஒன்றைச் சுற்றி வந்தாலே காம்பில் ஒன்று, பூவில் ஒன்று, தண்டில் ஒன்று என்று பார்க்கலாம்.

அத்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பார்கள். அந்தச் சொத்தையும் முடிச்சுதான். அத்திக்காய்க்குள் நூற்றுக்கணக்கான பூக்கள். சின்னக் குளவி மகரந்தத்தோடு உள்ளே நுழைந்து சில பூக்களில் முட்டை வைக்கும், அவை முடிச்சாகும். மற்றப் பூக்கள் விதையாகும். முடிச்சிலிருந்து பிறக்கும் பெண் குளவிதான் அடுத்த மரத்துக்கு மகரந்தம் எடுத்துப் போக வேண்டும். ஆலுக்கு ஒரு குளவி, அரசுக்கு ஒரு குளவி, அத்திக்கு ஒரு குளவி. முடிச்சு இல்லையென்றால் இந்த மரங்களுக்கு விதையே இல்லை. புங்கத்தில் வெறும் வாடகைக்காரனாக இருப்பது அத்தியில் பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவச்சியாக ஆகிவிட்டது.

மொட்டைமாடி · ஜூலை 2, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மாமாவை லென்ஸில் பார்க்க வைத்தேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். 'இது மாமரத்துக்கு வராதா?' என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். மரம் வெட்டும் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை. மருந்துப் புட்டியைத் திறக்காமலேயே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏழிலைப்பாலை இலைகள் ஆறு பறித்து, காம்பை ஈரப் பஞ்சில் சுற்றி, கண்ணாடிச் சீசாவில் போட்டு, வாயில் வேட்டித் துணி கட்டி வைத்தேன். ஆறாம் நாள் முடிச்சுகள் சில நட்சத்திரம் போல வெடித்துத் திறந்திருந்தன. சீசா ஓரத்தில் தாவிக் குதிக்கும் பேன்கள் ஒன்பது இருந்தன. சில முடிச்சுகள் வெடிக்கவே இல்லை. அவற்றில் குண்டூசியால் குத்தியதுபோல வட்டமாக ஒற்றைத் துளை. துணியின் உள்பக்கம் பச்சையாக மின்னும் குளவிகள் பதினான்கு ஒட்டிக்கொண்டிருந்தன. எறும்பில் பாதிகூட இல்லை. பேன்களைவிடக் குளவிகள் அதிகம்.

மாடிக்கு எடுத்துப்போய்த் துணியை அவிழ்த்து, குளவிகளை ஏழிலைப்பாலைப் பக்கமாகவே விட்டுவிட்டேன். இன்று இன்னும் பத்து இலை பறித்து வைத்திருக்கிறேன். துளை உள்ளவற்றையும் வெடித்தவற்றையும் தனித்தனியாக எண்ணி வாராவாரம் இங்கே எழுதலாமா ஐயா?